சி ஜி அரைப்புள்ளி பெரிய ஜி

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-ஐ ரிடையர் ஆக்கிவிட்டார்கள். 2015 ஜூலையில் பிறந்த பிள்ளை. பத்து வயசில் ஓய்வு! நம் ஆபீசில் 58 முடிந்தும் எக்ஸ்டென்ஷன் கேட்டு அலைகிற ஆசாமிகளை நினைத்துப் பார்த்தால் பாவமாக இருந்தது. இதற்கும் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் இல்லை. வேண்டியவர்கள் 2026 அக்டோபர் வரை ஒரு வருஷம் நீட்டித்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி வைத்தார்கள்.

ஓய்வு என்றால் அடுத்த நாள் காலை கம்ப்யூட்டர் எழுந்திருக்காது என்று அர்த்தமில்லை. எழுந்திருக்கும், ஓடும், சீட்டுக்கட்டு விளையாட விடும். ஆனால் திருடன் உள்ளே வர புதுசாக ஒரு சந்து கண்டுபிடித்தால், அதை அடைக்க ஆள் வராது. கூர்க்கா ஊருக்குப் போய்விட்ட தெரு மாதிரி.

‘சரி, பதினொன்றுக்கு மாறிவிடலாம்’ என்று உட்கார்ந்தேன். பதினொன்று 2021 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஆனால் அது லேசில் எந்த வீட்டிலும் கால் வைக்காது. 4 ஜி.பி. ராம் வேண்டும், 64 ஜி.பி. இடம் வேண்டும், டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்கவேண்டும். கிராமத்தில்கூட மூணு தலைமுறை விசாரித்துவிட்டுப் பெண் கொடுத்துவிடுவார்கள். இங்கே எட்டு!

என்னுடையது 2016-ல் வாங்கிய லேப்டாப். ஆறாம் தலைமுறை. ஜாதகம் பொருந்தவில்லை.

‘‘அப்ப புதுசு வாங்கிடலாமா?’’ என்றேன், வீட்டில் நிதி மந்திரியிடம்.

‘‘இது ஓடுதில்ல?’’

‘‘ஓடுது.’’

‘‘அப்புறம் என்ன?’’

டி.பி.எம். 2.0 பற்றி ஐந்து நிமிஷம் விளக்கினேன். பட்டாணி உரித்தபடியே கேட்டுவிட்டு, ‘‘மிக்ஸியும்தான் பத்து வருஷமா ஓடுது. அதுக்குச் சில்லு கேட்டேனா நான்?’’ என்றாள். பட்ஜெட் நிராகரிக்கப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல அனுமதிக்கவேண்டும்.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தபோது வெளிநாடுகளில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் கியூ நின்று வாங்கினார்கள். எங்கள் ஆபீசுக்கு அது அடுத்த வருஷம்தான் வந்தது. பதிமூன்று ஃப்ளாப்பிகள். கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு ஏ.சி. உண்டு, எங்களுக்குக் கிடையாது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயில் மாதிரி உள்ளே போகவேண்டும். பன்னிரண்டாவது ஃப்ளாப்பியில் ‘படிக்க முடியவில்லை’ என்று வந்தால் திரும்ப முதலிலிருந்து. அப்போதுதான் எங்கள் ஹெட் கிளார்க் முதல்முறையாக மவுஸைக் கையில் எடுத்து, டி.வி. ரிமோட் மாதிரி திரையை நோக்கி நீட்டினார்.

அன்றைக்கு நாங்கள் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கற்றுக்கொண்டது எப்படித் தெரியுமா? சாலிட்டேர் ஆடித்தான். சீட்டைப் பிடித்து இழுத்துப் போடப் போட, மவுஸ் கைக்குள் வந்துவிட்டது. ஆபீஸ் நேரத்தில் ஆடிய ஆட்டத்தைப் ‘பயிற்சி’ என்று சொல்லிக்கொள்ள முடிந்த பொற்காலம்.

நிற்க.

எதிர் ஃப்ளாட்டில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜ் பையன். தாடி உண்டு, தூக்கம் கிடையாது. என் புலம்பலைக் கேட்டுவிட்டு, ‘‘அங்கிள், லினக்ஸ் போட்டுக்குங்க. காசே கிடையாது’’ என்றான்.

காசே கிடையாது என்றால் நமக்குச் சந்தேகம் வரும். விசாரித்தேன். 1991-ல் ஃபின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயசு மாணவர், பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தது. எழுதியதைப் பூட்டி வைக்காமல், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தார். ஊர் கூடித் தேர் இழுத்தது. 2017 நவம்பரில் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் என்று ஒரு பட்டியல் வந்தது. 500-லும் இதுதான். நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றில் இருப்பதும் இதே லினக்ஸ்தான். ஆக, எல்லோரும் தெரியாமலே வருஷக்கணக்கில் இதோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

லினக்ஸில் பல வகை. பையன் மின்ட் என்ற வகையைச் சிபாரிசு செய்தான். ‘‘விண்டோஸ் மாதிரியே இருக்கும் அங்கிள். உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.’’

வித்தியாசமே தெரியாது என்றால் எதற்காக மாறவேண்டும் என்று கேட்க நினைத்தேன். இலவச ஆலோசனை என்பதால் கேட்கவில்லை.

ஒரு பென்டிரைவில் அதை ஏற்றிக் கொடுத்தான். லேப்டாப்பை ஆன் பண்ணின மறு விநாடியே எஃப்12-ஐ அழுத்தவேண்டுமாம். எந்த விநாடி? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். முதல் முறை லேட். இரண்டாம் முறை சீக்கிரம். மூன்றாம் முறை, என் லேப்டாப்புக்கு எஃப்12 இல்லை, எஃப்2 என்று தெரியவந்தது. ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி ஐந்தாவது முயற்சியில் தொற்றிக்கொண்டேன்.

ஒன்றைப் பாராட்டவேண்டும். உள்ளே குடிவைப்பதற்கு முன்னாலேயே பென்டிரைவிலிருந்து அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் பிடுங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இப்படி ஒரு வசதி கல்யாணத்தில்... வேண்டாம், இந்தப் பத்திரிகையை வீட்டிலும் படிக்கிறார்கள்.

பிடித்திருந்தது. ‘டி’ டிரைவில் இருந்த போட்டோ, கடுதாசி, எல்.ஐ.சி. ரசீது எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்தேன். ‘சி’ டிரைவில் விண்டோஸ்தானே இருக்கிறது, அது எதற்கு என்று விட்டுவிட்டேன். ‘டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு நிறுவவா?’ என்று கேட்டது. தாராளமாக என்றேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அழப் போகிறேன்.

முதல் வாரம் புது மருமகள் வந்த வீடு மாதிரிதான் இருந்தது. எல்லாம் இருக்கிறது, எது எங்கே என்றுதான் தெரியவில்லை. வைஃபை எழுந்திருக்கவில்லை, போனை ஒயரால் செருகி, அந்த இன்டர்நெட்டில் வைஃபைக்கு வேண்டிய டிரைவரை இறக்கியதும் சரியாயிற்று. பிரின்டர் நேர்மாறு. முன்பெல்லாம் சி.டி. போடு, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ரீஸ்டார்ட் என்று பாடாய்ப் படுத்தும். இங்கே செருகினேன், ‘பிரின்டர் தயார்’ என்றது. ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்காமல், பக்கத்தில் அரை மணி நேரம் சந்தேகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

ஃபைலுக்குப் பெரிய எழுத்தில் ஒரு பெயர் வைத்துவிட்டு, அதையே சின்ன எழுத்தில் தேடினால் டெர்மினலில் கையை விரித்துவிடும். அதற்கு அவர் வேறு, இவர் வேறு. ‘ராமன்’ கேட்டால் ‘இராமன்’ இல்லை என்று சொல்லும் ரேஷன் கடை ஆசாமி மாதிரி. வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். பழைய கடிதமெல்லாம் திறந்தது. என் பயோடேட்டாவில் போட்டோ மட்டும் ‘அனுபவம்’ என்ற தலைப்பின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொன்னால் அனுபவத்தை மறைத்தது நல்லதுதான்.

மற்றபடி வேகம். நிஜமாகவே வேகம். பத்து வருஷத்துப் பெட்டி, சஷ்டியப்தபூர்த்தி மாப்பிள்ளை மாதிரி துள்ளியது. ஆபீசில் பக்கத்து சீட்காரரிடம் பத்து நாள் இதைப் பற்றியே பேசி, அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேறு டேபிளுக்குப் போய்விட்டார்.

பதினோராம் நாள் அது நடந்தது.

மகளுக்குப் புனேயில் வேலை. ஹாஸ்டல் சாப்பாட்டுக்குக் காவலாகப் பருப்புப் பொடி கொடுத்தனுப்பவேண்டும். ‘‘அத்தை பொடியே போடறேன். அந்த ஃபைலைக் கொஞ்சம் திறங்க’’ என்றாள் மனைவி.

அத்தை என்றால் என் அம்மா. 2015-ல் போய்விட்டாள். 2004-ல் அம்மா சொல்லச் சொல்ல அப்பா டைப் அடித்து வைத்த சமையல் குறிப்பு அது. அப்பா கவர்ன்மென்ட் ஆபீசில் தமிழ் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து சூப்பரின்டென்டென்ட்டாக ரிடையர் ஆனவர். டிக்டேஷன் என்றால் ஒரு வார்த்தை விடமாட்டார். அம்மா சொன்னது அத்தனையும் அதில் இருக்கும். ‘கடலைப்பருப்பை வாசனை வரும்வரை வறுக்கவும். இருங்க, பால்காரன் வந்துட்டான்’ உள்பட.

திறந்தேன்.

இருபத்திரண்டு பக்கமும் இங்கிலீஷ். இங்கிலீஷ் என்றால் இங்கிலீஷ் இல்லை. பூனை கீபோர்டில் நடந்த மாதிரி. கே, பி, எஸ், நடுநடுவே அரைப்புள்ளி. ஒரு வார்த்தை தமிழ் இல்லை.

மூடித் திறந்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். வெளி டிஸ்க்கில் இருந்த பிரதியைத் திறந்தேன். அதுவும் அதே பூனை. வயிற்றில் என்னவோ செய்தது. ‘டிஸ்க்கை முழுக்க அழிக்கவா?’ என்ற கேள்வியும், ‘தாராளமாக’ என்ற என் பதிலும் காதில் கேட்டன.

பையன் வந்து பார்த்தான். ‘‘ஃபைலுக்கு ஒண்ணும் ஆகலை அங்கிள். இது பழைய ஃபான்ட். அந்த ஃபான்ட் ‘சி’ டிரைவுல இருந்திருக்கும். அதை எடுத்து வச்சீங்களா?’’

எடுத்து வைக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2016-ல் லேப்டாப் வாங்கியபோது கடைக்காரர், பழைய கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் மாற்றும்போது அந்த எழுத்துருவையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். பேர்கூடத் தெரியாமல் ஒன்பது வருஷம் படித்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் வீட்டிலும் 2000-2005 காலத்துத் தமிழ் ஃபைல் ஏதாவது இருக்கும் என்பதால் சொல்கிறேன். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்கள் பலவும் ஒரு வகை நாடகம். கம்ப்யூட்டருக்குள்ளே போய் உட்கார்வது இங்கிலீஷ் கே-தான். ஃபான்ட் என்ற மேக்கப்மேன் அதற்குப் பவுடர் பூசி, கிரீடம் வைத்து ‘ம’ என்று மேடைக்கு அனுப்புவார். மேக்கப் பெட்டி இருக்கும்வரை ராஜபார்ட். பெட்டி தொலைந்தால், வெறும் கே. இதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மேக்கப். ஒருவர் அனுப்பின தமிழை இன்னொருவரால் படிக்க முடியாது.

யூனிகோடு வந்து இந்தக் கூத்துக்குத் திரை போட்டது. அதில் ‘ம’ என்றால் உள்ளேயும் ‘ம’தான். 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அது விண்டோஸ் 2000, எக்ஸ்.பி. வழியாக நம் வீட்டுக்கு வந்து பழக்கமாவதற்குள் இடையில் எத்தனையோ வருஷம். தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்று ஆணை போட்டது 2010-ல். அந்த இடைவெளியில் டைப் அடித்த லட்சணங்களில் ஒன்றுதான் எங்கள் பருப்புப் பொடி.

‘‘என்ன ஃபான்ட்னு தெரிஞ்சா போதும், மாத்திடலாம்’’ என்றான் பையன். ‘‘அந்தப் பேரு ஃபைல்லயே இருக்கணுமே... ஃபாரின் பாஷை மாதிரி என்னமோ காட்டுது.’’ கடைக்காரர் அந்த ஃபான்ட்டுக்குத் தன் கடைப் பேரையே வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது!

இதற்குள் சத்தம் கேட்டு அப்பா வந்துவிட்டார். 84 வயசு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அம்மா பேசினது என்று வீட்டில் எழுத்தில் இருப்பது இது ஒன்றுதான்.

‘‘அழிஞ்சிடுச்சாடா?’’

‘‘இல்லப்பா... இருக்கு. ஆனா படிக்க முடியாது.’’

அவர் பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வலது கை விரல்கள் மேஜைமேல் லேசாக ஆட ஆரம்பித்தன. பஜனையில் தாளம் போடுகிற மாதிரி.

‘‘சி... ஜி... அரைப்புள்ளி... பெரிய ஜி’’ என்றார்.

‘‘என்னப்பா?’’

‘‘இங்க பாரு, இங்கயும். சி, ஜி, அரைப்புள்ளி, பெரிய ஜி. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கடைசில வருது பாரு.’’ விரல்கள் மறுபடி ஆடின. சிரித்தார். ‘‘உப்புடா இது!’’

எங்களுக்குப் புரியவில்லை.

‘‘தமிழ் டைப்ரைட்டர்ல ‘உ’ இருக்கிற இடத்துல இங்கிலீஷ்ல சி இருக்கும். ‘ப’ இருக்கிற இடத்துல ஜி. புள்ளிக்கு இந்தக் கட்டை. மேல்கட்டையைப் பிடிச்சுக்கிட்டு ‘ப’ அடிச்சா ‘பு’. நான் டைப்ரைட்டர் மாதிரிதானே அடிச்சேன்? அது அப்படியே நிக்குது. கே, பி, எஸ், பெரிய எஃப்... மிளகு. எம், கே, அரைப்புள்ளி, கே, எச்...’’

அதற்கு மேல் சொல்லவில்லை. விரல் நின்றுவிட்டது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அம்மா.

பையன்தான் முதலில் சுதாரித்தான். ‘‘தாத்தா, சூப்பர்! இது பாமினி வகை அங்கிள்’’ என்றான். பேரை மாற்றினாலும் உள்ளே பாமினி என்ற பழைய எழுத்துருவின் ஏற்பாடுதான். அதை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இங்கே ஒட்டி, அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இருபத்திரண்டு பக்கமும் கண்மூடித் திறப்பதற்குள் தமிழாகிவிட்டது.

‘துவரம்பருப்பு ஒரு ஆழாக்கு. மிளகாய் வற்றல் எட்டு. மிளகு ஒரு ஸ்பூன். பெருங்காயம். உப்பு. உப்பு எவ்வளவுன்னு கேக்காதீங்க. அது கை சொல்லும்.’

மகள் உரக்கப் படித்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் பக்கத்தில், ‘‘நிறுத்து. அங்க ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கு’’ என்றார். பார்த்தால், ‘உபபு’. இருபது வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாத பிழை. காதால் கேட்டே பிடித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். மகள் படிக்கும்போது தடுக்கினாள். ஆனாலும் சூப்பரின்டென்டென்ட் சூப்பரின்டென்டென்ட்தான்.

கடைசிப் பக்கத்தின் கடைசி வரி: ‘போதும், கால் வலிக்குது. மீதி நாளைக்கு.’

மீதி வரவேயில்லை. ஏன் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. நாளைக்கு என்றால் நாளைக்குத்தானே என்று இருந்துவிட்டோம் போலிருக்கிறது.

படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபரேட்டிங் சிஸ்டம் மாற்றுகிறவர்கள் தாராளமாக மாற்றுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அழிப்பதற்கு முன் ‘ஃபான்ட்ஸ்’ என்ற ஃபோல்டரையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பழைய தமிழ் ஃபைல்களை இன்றே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். எல்லார் வீட்டிலும் விரலில் ஃபான்ட் வைத்திருக்கும் அப்பா இருக்கமாட்டார்.

பையன் போகும்போது ஒரு காரியம் செய்துவிட்டுப் போனான். லினக்ஸில் தமிழ் அடிக்கப் பல கீபோர்டு அமைப்புகள் உண்டு. நான் தமிழ்99 வைத்திருந்தேன். பழைய டைப்ரைட்டர் அமைப்பும் அதில் இருந்தது. அதைப் போட்டு, ‘‘தாத்தா, இப்ப அடிங்க’’ என்றான்.

அப்பா அன்றைக்கு அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பொடி அரைத்தாள். முதல் ஈட்டில் உப்புக் கம்மி. இரண்டாவதில் ஜாஸ்தி. மூன்றாவது ஈட்டைத்தான் மகளுக்குக் கட்டினாள். ‘‘கையெல்லாம் ஒண்ணும் சொல்லலை. நாக்குதான் சொல்லுச்சு’’ என்று அலுத்துக்கொண்டாள்.

‘‘எவ்வளவும்மா போட்டே?’’ என்று கேட்டார் அப்பா.

‘‘ஒன்றரை ஸ்பூன், மாமா. தலை தட்டி.’’

எழுந்துபோய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, பத்து நிமிஷம் ஆயிற்று. போன பிறகு எட்டிப் பார்த்தேன். ‘மீதி நாளைக்கு’ என்ற வரிக்குக் கீழே தேதி போட்டு அடித்திருந்தார்:

‘உப்பு - ஒன்றரை ஸ்பூன், தலை தட்டி. சொன்னது மருமகள்.’

ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை.